நாலாவதில் உதைப்பான்

அன்று மொன்றியலில், ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டு நிலவறையில் இருந்தவர்கள்: தியாகலிங்கமாகிய நான், என் மனைவி புஷ்பவதி, என் தம்பியின் மகன் தனோஜன், புவாண்ட்-கிளேரிலிருந்து வந்திருந்த மரியதாசன், அவருடைய மனைவி செலீன், அவர்களுடைய ஒரே மகள் றெஜினா. ஆறு பேர். சாப்பாட்டுக் கடை டெனிஸ்டனை நான் சேர்க்கவில்லை. அவன் உள்ளே வரவில்லை. படியில் ஒரு நிமிடம் நின்றான், போய்விட்டான். என் மகன் மிதுசன் தொலைக்காட்சிக்குள் இருந்தான்.

இவ்வளவு கறாராக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கல்யாண அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. இந்த நேரத்தில் இரண்டு குடும்பங்களின் வார்த்தையைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. அதைத் திருத்துவது என் கடமை. அதற்கு முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மிதுசனும் றெஜினாவும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போன காலத்திலிருந்து பழக்கம். இதை நான் மூன்று வருடங்களுக்கு முன்புதான் அறிந்தேன். புஷ்பவதி பத்து வருடங்களாக அறிந்திருந்தாள் என்பதையும் அன்றே அறிந்தேன். நாங்கள் சைவம், அவர்கள் வேதக்காரர். அதில்தான் இடறும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இடறவில்லை. காலையில் கோயில், பின்னேரம் தேவாலயம், இரண்டு நேரமும் சாப்பாடு என்று இரண்டாவது சந்திப்பிலேயே முடிவாகிவிட்டது. மூன்றாவது சந்திப்பில் மரியதாசன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது. பெடியன் வேலை செய்யிற இடத்திலை ஒருக்கால் விசாரிச்சுப் போட்டுத்தான் எங்கடை ஆக்கள் சம்மதம் சொல்லுறது. எனக்கும் அப்பிடி ஒருக்கால் பாக்க வேணும்."

நான் குறை நினைக்கவில்லை. என் தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் என்றபோது, நானே முத்திரை வாங்குகிற சாட்டில் அங்கே போய் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, அவர் ஆட்களோடு எப்படிக் கதைக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தவன். ஆனால் மிதுசனின் வேலையிடத்தில் வரிசையில் நின்று பார்க்க முடியாது. அது எல்லைக்கு அப்பால் எழுபதாயிரம் பேர் இருந்து கத்துகிற மைதானம்.

"பரவாயில்லை," என்றார் மரியதாசன். "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு வேலையிலைதானே நிப்பார். ரீவியிலை பாப்பம்."

மிதுசனின் வேலையைச் சொல்ல வேண்டும். அவன் அமெரிக்காவில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியில் இருக்கிறான். அணியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறான், எழுதவில்லை. இது காலால் ஆடுகிற பந்து அல்ல. தலைக்கவசம் போட்ட பதினொரு பேர் கையில் பந்தோடு ஓடியும் எறிந்தும் முன்னேறுகிற ஆட்டம். அவர்கள் அடுத்ததாக ஓடுவதா எறிவதா என்று ஒவ்வொரு தடவையும் ஒருவர் வெளியிலிருந்து சொல்ல வேண்டும். ஏழு வருடங்கள் அந்த அணியில் காகிதம் சுமந்தவனிடம், சொல்லுகிறவர் ஒக்டோபரில் வேலையை விட்டுப் போக, அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. காதில் கேட்பொறி, வாய்க்கு முன்னால் ஒலிவாங்கி, கையில் சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியல் மாதிரி ஒரு மட்டை. எதிராளி உதட்டைப் படித்துவிடக் கூடாது என்று மட்டையால் வாயை மூடிக்கொண்டு சொல்லுவான். தலைமைப் பயிற்சியாளர் எல்லா முடிவையும் அவனிடமே விட்டிருந்தார்.

பத்து யார்டு முன்னேற நான்கு முறை கிடைக்கும். நான்கிலும் முடியாவிட்டால் பந்து அந்த இடத்திலேயே எதிராளியின் கைக்குப் போய்விடும். ஆகவே நிதானமானவர்கள் நாலாவது முறையை ஆடிப் பார்ப்பதில்லை. பந்தைத் தூர உதைத்து எதிராளியைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். துணிந்தவர்கள் உதைக்காமல் ஆடிப் பார்ப்பார்கள். என் மகன் நிதானமானவன். பொறுப்பெடுத்த ஆறு கிழமைகளில் ஒரு தடவைகூட நாலாவதில் அவன் ஆடிப் பார்த்ததில்லை. நடுவால் ஓட்டம், மறுபடி நடுவால் ஓட்டம், ஒரு சின்ன எறி, பிறகு உதை.

இதற்காக அமெரிக்கா அவனைக் கேலி செய்தது. வெயிலில் குடை பிடிக்கிறவன் என்று தொலைக்காட்சியில் ஒருவர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு ரசிகர்கள் குடைகளோடு வந்து விரித்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவர் ஸ்காபரோவில் இருக்கிற ஓர் உறவினர். பெயர் எழுதமாட்டேன், அவருக்கே தெரியும். "பெரியப்பா, விடுங்கோ, பகிடிதானே," என்றான் தனோஜன். எங்கள் குடும்பத்தில் யாரும் பயந்தவர்கள் இல்லை என்று நான் ஒரு நீண்ட பதில் எழுதினேன். அதற்கும் ஒரு குடைதான் பதிலாக வந்தது.

மரியதாசனைப் பற்றியும் சொல்ல வேண்டும். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் இருபத்தெட்டு வருடங்களாக மேற்பார்வையாளர். காருக்குப் பனிக்கால ரயரை செப்டெம்பரில் மாட்டுகிறவர். லொத்தர் சீட்டைத் தொட்டதில்லை. செலீனின் அக்கா கணவர் கசினோவுக்குப் பழகி ஒரு குடும்பத்தையே தெருவில் விட்டவர். அந்தப் பிள்ளைகள் இரண்டு வருடம் மரியதாசன் வீட்டில்தான் வளர்ந்தார்கள். ஆகவே மகளுக்கு அவர் கேட்டது பெரிய உத்தியோகமோ பெரிய வீடோ அல்ல. மாப்பிள்ளை சூதாட்டக் குணம் இல்லாதவனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். அவருக்கு உலகத்தில் ஒரேயொரு பலவீனம், கனடாக் கால்பந்து ஆடுகிற எங்கள் மொன்றியல் அணி. மலையடி மைதானத்தில் இருபத்திரண்டு வருடங்களாக அதே இருக்கை. அமெரிக்க ஆட்டத்தை அவர் வீட்டில் போட விட்டதில்லை.

ஞாயிறு ஒரு மணிக்கு எல்லோரும் இருந்தோம். சம்மதம் சொன்னதும் கையில் எடுக்கவென்று புஷ்பவதி பழத்தட்டையும் கற்கண்டையும் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். தனோஜன் கணினி வேலைக்காரன். மிதுசன் அடுத்து என்ன சொல்லுவான் என்பதை முன்கூட்டியே சொல்லிச் சிரிப்பது அவன் பழக்கம். விருந்தினர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு போட்டிருந்தேன். வாயில் ஒரு முழு உளுந்துவடையை வைத்துக்கொண்டு உத்தரவைக் காப்பாற்றினான்.

முதல் பாதி வழக்கம் போலவே போனது. ஓட்டம், ஓட்டம், எறி, உதை. மைதானத்தில் ஊளை. குடைகள் விரிந்தன. நான் மரியதாசனின் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு செலீனின் காதில் ஏதோ சொன்னார். செலீன் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டார். என் மகனின் பயத்தைக் கண்டு வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். இடைவேளையில் சொல்லுவதற்கு நான்கு பதில்களை மனதுக்குள் அடுக்கி வைத்தேன்.

இடைவேளை வந்தது. "அண்ணை, ஒரு நிமிசம்," என்று மரியதாசன் என்னைப் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"சொல்ல எனக்கு வருத்தமாக் கிடக்கு. உங்கடை மகன் ஒரு சூதாடி."

அடுக்கி வைத்த நான்கு பதில்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

"என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆறு தரம் பாத்திட்டன். மூண்டாவது முறை வருது. உதைக்க வேண்டிய இடம். மூண்டு எண்டு கீழை எழுதியும் காட்டுறாங்கள். மனுசன் உதைக்கிறேல்லை. எறியச் சொல்லுறார். சொந்தக் கோட்டுக்குக் கிட்ட நிண்டுகொண்டு, மூண்டாவதிலை எறி. நானும் இருபத்திரண்டு வருசமா மலையடியிலை இருக்கிறன். இப்பிடி ஒரு துணிஞ்ச விசரனைக் கண்டதில்லை. சனம் கூக்காட்டுது, அதுக்கும் அசையிறாரில்லை."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் நாட்டு ஆட்டத்தில் பத்து யார்டுக்கு மூன்றே முறை. மூன்றாவதுதான் கடைசி. மூன்றாவதில் உதைக்காதவன் எங்கள் மைதானத்தில் பெரிய சூதாடி. மரியதாசன் இருபத்திரண்டு வருடக் கணக்கில் என் மகனை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது. நான் சிரிக்கிற ஆள் அல்ல. உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தேன். சத்தம் கேட்டு நெஞ்சுவலி என்று நினைத்துப் புஷ்பவதி ஓடி வந்தாள். நான் சிரிப்பதைக் கண்டதும் இன்னும் பயந்தாள்.

"மரியதாசன்," என்றேன், "அவையின்ரை ஆட்டத்திலை நாலு முறை."

"நாலோ?"

"நாலு."

"பத்து யார்டுக்கு நாலு முறையோ? அதென்ன, சின்னப்பிள்ளையளுக்கோ?"

"அப்பிடித்தான் வைச்சிருக்கினம்."

"அப்ப மூண்டுக்குப் பிறகு உதைச்சது? தோத்த ஆக்கள் பந்தை உதைச்சுத்தான் குடுக்க வேணும் எண்டு ஏதோ அமெரிக்க மரியாதையாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

"அதுதான் நாலாவது. அதிலை உதைப்பான். உதைக்காமல் விட்டதே இல்லை. அதுக்காகத்தான் சனம் கூக்காட்டுது. பயந்தவன் எண்டு."

மரியதாசன் சலவைத்தூள் பெட்டியின் மேல் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தட்டி எண்ணிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வெளித்தது. ஆனாலும் அவர் அவசரப்படுகிற மனிதர் அல்ல.

"என்ரை சகலனும் நாள் முழுக்க நல்ல மனுசன்தான், அண்ணை. கடைசி அரை மணித்தியாலத்திலைதான் சூதாடி வெளியிலை வருவான். கடைசியிலையும் உதைப்பாரோ?"

"நாலாவதிலை என்ரை மகன் உதைப்பான். இது என்ரை வார்த்தை."

வெளியே வந்து அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "நான் ஒண்டு சொல்லுறன். ஆட்டம் முடியுமட்டும் நாலாவதிலை உதைச்சால், முடிஞ்ச கையோடை என்ரை சம்மதம். ஒருக்கால் உதைக்காமல் விட்டாலும் எனக்குச் சம்மதம் இல்லை. தியாகலிங்கண்ணை வார்த்தை தந்திருக்கிறார்."

"அப்பா," என்றாள் றெஜினா, "அது அவரின்ரை வேலை. கல்யாணத்துக்கும் அதுக்கும் என்ன?"

"வேலையிலை எப்பிடியோ வீட்டிலையும் அப்பிடித்தான் மனுசன்."

"மலையடியிலை உங்களைக் கண்ட ஆக்கள் அப்பிடிச் சொல்லமாட்டினம்," என்றார் செலீன். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

றெஜினா உடல் மருத்துவப் பயிற்சியாளர். உடைந்த முழங்கால்களை நடக்க வைக்கிறவள். பொறுமை அவள் தொழில். ஆனால் அன்று அவள் கையில் இருந்த காகிதத் துவாயைப் பிய்த்துப் பிய்த்து மடியில் ஒரு சின்னப் பனிக்குவியல் செய்திருந்தாள். பதின்மூன்று வருடங்கள் காத்திருந்ததற்கு முடிவு இனி ஒரு மணி நேரத்தில், அதுவும் முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கனின் வலது காலில் இருந்தது.

தனோஜனுக்குப் போட்ட உத்தரவை நீக்கினேன். இப்போது மறைக்க எதுவும் இல்லை. என் மகனின் நிதானம் எவ்வளவுக்கு ஊர் அறிந்ததோ அவ்வளவுக்கு நல்லது. தனோஜன் எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றான்.

"அங்கிள், இனி நான் சொல்லச் சொல்லப் பாருங்கோ. ஓடு."

ஓடினார்கள். இரண்டு யார்டு.

"ஓடு."

ஓடினார்கள். ஒரு யார்டு.

"எறி. சின்னன்."

சின்னதாக எறிந்தார்கள். நாலு யார்டு. பிடித்தவர் விழுந்தார்.

"உதை."

உதைப்பவர் தொலைவிலிருந்து ஓடி வந்தார். மைதானத்தில் எழுபதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். ரொக்ஸ்பரோவில் ஆறு பேர் கைதட்டினோம். மரியதாசன் திருப்தியோடு ஒரு வடை எடுத்துக் கடித்தார்.

அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த தடவை செலீனும் சேர்ந்து சொன்னார். அதற்கடுத்த தடவை புஷ்பவதி. ஓடு, ஓடு, எறி, உதை. செலீன் சோபாவின் கைப்பிடியில் தாளம் போட்டார். ஒவ்வோர் உதைக்கும் புஷ்பவதி எல்லோருக்கும் ஒவ்வொரு வடை கொடுத்தாள். உதைப்பவருக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று செலீன் கேட்டார். "அந்தப் பெடியன்தான் எல்லாரிலும் வடிவு. உடுப்பிலை ஒரு ஊத்தை இல்லை." தொலைக்காட்சியில் இரண்டு பேர் என் மகனைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் திட்டத் திட்ட மரியதாசனுக்கு முகம் பூரித்தது. "என்ன சொல்லுறாங்கள், தம்பி?" என்று தனோஜனைக் கேட்பார். "இவ்வளவு பயந்த மனுசனைத் தாங்கள் கண்டதில்லையாம், அங்கிள்." "நல்லது," என்பார் மரியதாசன். "நல்லது, நல்லது." ஆறு கிழமைகளாக என் நெஞ்சில் குத்திய சொல் அந்த அறைக்குள் நற்சான்றிதழாக வாசிக்கப்பட்டது. என் மகனைப் பயந்தவன் என்று சொல்லக் கேட்டு நான் இவ்வளவு பெருமைப்படுவேன் என்று நினைத்ததில்லை.

கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் வந்துவிட்டோம். மிதுசனின் அணி மூன்று புள்ளிகள் முன்னால் நின்றது. தங்கள் பாதியில், நாற்பதாவது யார்டுக் கோட்டுக்குக் கிட்டப் பந்து. ஓடு. ஓடு. எறி. பத்துக்கு ஒரேயொரு யார்டு குறைந்துபோனது.

நாலாவது.

"உதை," என்று ஆறு பேரும் சொன்னோம்.

உதைப்பவர் வரவில்லை.

"ஏன் வரேல்லை?" என்றாள் புஷ்பவதி. "மூத்திரம் பெய்யப் போட்டுதோ?"

மிதுசனின் முகம் திரையில் வந்தது. மட்டையால் வாயை மூடியிருந்தான். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில், தான் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததை எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தபோது இருந்த கண்.

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது.

வழக்கமாக நடுவால் ஓடுகிறவன் ஓடி வந்தான். பந்து அவன் வயிற்றுக்குள் போனது. அல்லது போனதாகத் தெரிந்தது. எதிராளிகள் பதினொரு பேரும் அவன் மேல் விழுந்தார்கள். ஆறு கிழமைகளாகப் பார்த்த அதே ஓட்டம், பிறகு ஏன் விழமாட்டார்கள். ஆனால் பந்து அவனிடம் இல்லை. எறிகிறவன் அதைத் தொடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன் மாதிரி நாலு எட்டு வைத்து, தூக்கி எறிந்தான். தொலைவில் ஓர் ஆள் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான். பிடித்தான். அவனைச் சுற்றி ஒருவருமில்லை. ஓடினான். ஆறு புள்ளிகள் தருகிற கடைசிக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடினான்.

யார் முதலில் கத்தியது என்று எனக்குத் தெரியாது. தட்டில் இருந்த வடைகள் மேலே போனது தெரியும். யாரோ இரண்டு கைகளை என் இடுப்பில் போட்டார்கள், கால் நிலத்தை விட்டு எழும்பியது. அறுபத்தொன்பது வயதில் என்னை ஒருவர் தூக்குவார் என்று நான் எண்ணியதில்லை. மரியதாசன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரெஞ்சில் கத்திக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினார். பின்னால் செலீன் ஓடினார். "இதுதான்," என்று அவர் புஷ்பவதிக்குக் கத்திச் சொன்னார், "மலையடியிலை இருபத்திரண்டு வருசமா இதுதான். உதைக்காதை, உதைக்காதை எண்டு பயிற்சியாளரைப் பேசிப் பேசியே இவருக்குத் தொண்டை போட்டுது."

இந்த நேரத்தில்தான் டெனிஸ்டன் வந்தான். பின்னேரச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்த புரியாணித் தட்டங்கள் இரண்டு, ஒன்று மச்சம், ஒன்று சைவம், கையில். படியில் நின்று வாயைப் பிளந்தான்.

"என்ன நடந்தது?"

"உதைக்கேல்லை, டெனிஸ்டன்," என்று மரியதாசன் என் முழங்காலுக்கு மேலால் கத்தினார். "நாலாவதிலை அவன் உதைக்கேல்லை."

"உதைச்சால்தான் சம்மதம் எண்டு அங்கிள் சொல்லியிருந்தவர்," என்று தனோஜன் மூச்சு வாங்க விளக்கினான். "இப்ப பெரியப்பாவைத் தூக்கி வைச்சிருக்கிறார்."

தெருவில் பனி அள்ளும் வண்டியின் சங்கு ஊதியது. காரை எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டெனிஸ்டன் தட்டங்களைப் படியில் வைத்துவிட்டு ஓடினான். அவன் பார்த்தது அவ்வளவுதான்.

"மரியதாசன்," என்றேன், "என்னை இறக்கிவிடுங்கோ."

இறக்கினார். நான் சேட்டைச் சரி செய்துகொண்டேன்.

"என்ரை வார்த்தை பிழைச்சுப் போச்சு. நாலாவதிலை அவன் உதைக்கேல்லை. நீங்கள் உங்கடை வார்த்தையிலை நிக்க வேணும். நான் இனிச் சம்மதம் கேக்கமாட்டன்."

தனோஜன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

"உங்களுக்கு விசரோ?" என்றாள் புஷ்பவதி. "மனுசன் உங்களைத் தோளிலை அல்லோ வைச்சிருந்தவர்."

"தூக்கினது வேறை. சொன்னது வேறை."

மரியதாசன் மெல்ல உட்கார்ந்தார். தான் சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையில் துள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவரும் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிற குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. "ஓம்," என்றார். "அண்ணை சொல்லுறது சரி."

றெஜினா அழவில்லை. எழுந்து போய்த் திரைக்கு மிகக் கிட்ட நின்றாள்.

"ஒருத்தரும் கதையாதையுங்கோ," என்றாள். "கொடி கிடக்கு."

பார்த்தோம். ஆட்டம் தொடங்கிய இடத்தில், புல்லின் மேல், ஒரு சின்ன மஞ்சள் துணி. பிழை கண்டால் நடுவர் எறிகிற துணி. துள்ளியவர்கள் துள்ளுவதை நிறுத்தினார்கள். வரிக்குதிரைச் சட்டை நடுவர் நடுவில் வந்து கையைச் சுழற்றினார். மிதுசனின் ஆட்களில் ஒருவர் வரிசையில் நிற்க வேண்டிய இடத்தை விட்டு ஓர் அடி பின்னால் நின்றிருக்கிறார். ஆட்டம் செல்லாது. ஐந்து யார்டு பின்னால். நாலாவது முறை மறுபடியும்.

எழுபதாயிரம் பேரும் தலையில் கை வைத்தார்கள். என் மகனும் வைத்தான், மட்டை கீழே விழுந்தது. ரொக்ஸ்பரோவில் நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். சொந்த மகனின் அணிக்குக் கிடைத்த தண்டனைக்கு இப்படிக் கைதட்டிய குடும்பம் வேறு இருக்காது. புஷ்பவதி நடுவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இப்ப ஆறு யார்டு வேணும்," என்றாள் றெஜினா. "இனி உதைப்பார்."

"உதைப்பான்," என்றேன். இரண்டாவது தடவை வார்த்தை கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

மிதுசன் மட்டையை எடுத்தான். வாயை மூடினான். நீண்ட நேரம் பார்த்தான்.

"உதை," என்றார் செலீன், ஜெபம் மாதிரி.

"உதை," என்றாள் புஷ்பவதி.

ஊத்தை படாத உடுப்போடு அந்தப் பெடியன் ஓடி வந்தான். உதைத்தான். பந்து மேலே போய், குளிர்கால வெளிச்சத்தில் நின்று நிதானித்து, இறங்கி, உருண்டு, எதிராளியின் கடைசிக் கோட்டுக்குக் கிட்டக் கிடந்தது.

"ஐயோ, ஏன் உதைச்சவன்," என்று மரியதாசன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆறு யார்டுதானே. ஆடிப் பாத்திருக்கலாமே."

செலீன் அவரைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

"இஞ்சாருங்கோ," என்றார் செலீன். "ஆர் உதைக்கச் சொன்னது?"

மரியதாசன் கையைத் தலையிலிருந்து எடுத்தார். சிரிக்கத் தொடங்கியது முதலில் தனோஜன். பிறகு றெஜினா, மடியில் இருந்த காகிதப் பனி எல்லாம் கம்பளத்தில் கொட்ட. ஆனால் நான் சிரிக்கவில்லை. ஒரு விஷயம் பாக்கி இருந்தது.

"மரியதாசன், உள்ளதைச் சொல்ல வேணும். அவன் முதலிலை உதைக்க நினைக்கேல்லை. அதை மறைச்சு நான் பெண் எடுக்கமாட்டன்."

"பெரியப்பா," என்றான் தனோஜன், "உங்களைத்தான் முதலிலை அறையிலை போட்டுப் பூட்ட வேணும்."

மரியதாசன் கையை உயர்த்தினார். இப்போது அவர் களஞ்சிய மேற்பார்வையாளர் அல்ல, பெண்ணைப் பெற்றவரும் அல்ல. இருபத்திரண்டு வருடம் மலையடியில் இருந்த மனிதர்.

"அண்ணை, கொடி விழுந்த ஆட்டம் நடக்காத ஆட்டம். அது பதிவிலை இல்லை. நானும் நீங்களும் காணேல்லை. நாலாவது முறை எண்டு ஒண்டு நடந்தது. அதிலை உங்கடை மகன் உதைச்சவர். உங்கடை வார்த்தையும் நிக்குது, என்ரை வார்த்தையும் நிக்குது."

அது விதி. விதிக்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

எதிராளிக்கு அந்த மூலையிலிருந்து வெளியே வரவே முடியவில்லை. நான்கு தடவை எறிந்தார்கள், நான்கும் நிலத்தில். நேரம் முடிந்தது. மைதானத்தில் குடைகள் எல்லாம் ஒன்றாக விரிந்தன. இந்தத் தடவை கேலிக்கா மகிழ்ச்சிக்கா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. மரியதாசன் எழுந்து, தட்டைக் கையில் எடுத்து, "சம்மதம்," என்றார். புஷ்பவதி அவர் வாயில் கற்கண்டு போட்டாள். றெஜினா என்னிடம் வந்து, "மாமா, தேத்தண்ணி போடட்டோ," என்று கேட்டாள். அதுவரை அங்கிள் என்றுதான் சொல்லுவாள். நான் ஓம் என்றேன்.

ஆறு மணிக்கு மிதுசன் தொலைபேசி எடுத்தான்.

"அப்பா, பாத்தனீங்களோ? அந்த நாலாவதுக்காக ஆறு கிழமையா நடுவாலை ஓடினனான். இனி அதைப் பாவிக்கேலாது, எல்லாரும் கண்டிட்டினம்."

"எந்த நாலாவது?" என்றேன். "நாலாவதிலை நீ உதைச்சாய். நல்லா உதைச்சாய். றெஜினாவோடை கதை."

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். நாலாவதில் மிதுசன் உதைக்காமல் விட்டதாகவும், மரியதாசன் தன் சொல்லை விழுங்கிப் பெண் கொடுத்ததாகவும், நான் அதற்குத் தலையாட்டியதாகவும் டெனிஸ்டனின் கடையில் தொடங்கி ஸ்காபரோ வரை சொல்லப்படுகிறது. அது பிழை. நாலாவதில் மிதுசன் உதைத்தான். நாற்பத்தெட்டு யார்டு.